ஈரத்துக்குக் கழிவு

கோத்தகிரியில் "ஜோகி" என்று கூப்பிட்டால்
பாதி பஸ் திரும்பிப் பார்க்கும்.
இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முப்பது லட்சத்துக்குத் தூக்க வேண்டியது
ஃபேக்டரி ஜோகி கவுடரை.
தூக்கியது
பச்சைத்தேயிலைக்கு எடை போடும் ஜோகியை.
மஃப்ளர், குரங்குக் குல்லா, சோடாபுட்டிக் கண்ணாடி.
வேனில் ஏறும்போது ஒன்றுதான் கேட்டார்:
"நாலு மணிக்கு இலை வந்துரும். அதுக்குள்ள விட்ருவீங்களா?"

மூன்றாவது வளைவில் மாகாளிக்கு வாந்தி.
ஐந்தாவதில் எனக்கு.
காரமடைக்காரன் குடல் சமதளத்துக்கென்று செய்தது.
கட்டை அவரே அவிழ்த்துக்கொண்டு
பையிலிருந்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்,
ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார்.
"எங்க ஒளியணும்?"
சொன்னோம்.
பங்களா வாசலில் சுருண்டுவிட்ட என்னைத்
தோளில் போட்டு மாடி ஏறினார்.
இலை மூட்டை இப்படித்தான் போகும் போல.

போன் போட்டோம்.
அவர் வீட்டில், "வரும்போது ரெண்டு கிலோ சர்க்கரை" என்றார்கள்.
ஃபேக்டரியில்
கவுடரே எடுத்தார். கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப என்னைக் கடத்திட்டீங்க. சந்தோஷம்.
கடன் குடுத்தவங்ககிட்ட இப்பவே சொல்லிடறேன்.
பணம் ராத்திரி வரும். அவனை விட்றாதீங்க."

பை வந்தது. மாகாளி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.
ஜோகி இரண்டு விரலால் தூக்கினார்.
"பதினொண்ணே கால். ஈரத்துக்கு ஒண்ணு கழிச்சிக்குவோம்.
நோட்டுல ஏது தம்பி ஈரம்? கேரட்டு."
கேரட்தான். கழுவக்கூட இல்லை.

வாசனைக்குக் கரடி வந்தது.
கரடியைப் பிடிக்க வந்த வனத்துறை
கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு போனது.

குன்னூர் கிளைச்சிறையில் அடையாள அணிவகுப்பு,
ஒன்பது பேர், ஒரே உயரம்.
கரடி மிதித்த கண்ணாடிக்கு
ஜோகி இன்னும் மாற்று வாங்கவில்லை.
"மூஞ்சி தெரியலைங்க ஐயா. தூக்கிப் பாக்கலாங்களா?"
மாஜிஸ்திரேட் புத்தகத்தைப் புரட்டினார்.
கூடாது என்று எங்கும் போடவில்லை.

ஒவ்வொருவராய்த் தூக்கி இறக்கினார்,
முனகாமல், வலிக்காமல்.
ஏழாவது நான்.
"அறுபத்திரெண்டு. அன்னைக்கு அறுபது."
அழுதிருந்தேன் போல, காலர் நனைந்திருந்தது.
அதைத் தொட்டுப் பார்த்தார்.
"ஈரத்துக்குக் கால் கிலோ கழிச்சிக்குங்க.
மிச்சம் ஜெயில் சாப்பாடு.
இவன்தான்."

மூன்றாவதாய் நின்ற மாகாளியையும் தூக்கினார்.
"இந்த எடை எனக்குப் பழக்கமில்லைங்க" என்று
பூப்போல இறக்கிவிட்டார்.
அவன் இப்போது மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில்,
மலைக்குப் போகிறவர்களுக்கு
எலுமிச்சம்பழம் விற்கிறான்.