கம்பத்தடிப் புல்

இந்தச் சமவெளியில் மரம் கிடையாது.
மின்சாரம் வருவதற்கு முன்பு
எங்களுக்கு உயரம் என்றால் ஒட்டகம்தான்.

பதினைந்தாயிரம் வோல்ட்டைக்
கான்கிரீட் கம்பங்களின் மேல் ஏற்றி
மங்கோலியாவின் இந்தக் கிழக்கு மூலைவரை
இழுத்து வந்தார்கள்.
என் கூடாரத்துக்குள் குளிர்பெட்டி வந்தது.
அந்தக் கோடையில் ஆட்டிறைச்சி
நாலாம் நாளும் நாறவில்லை.
ராஜாளிக்கும் ஒன்று கிடைத்தது:
உட்கார ஓர் இடம்.

கால் இரும்புச் சட்டத்தில்,
இறக்கை கம்பியில்.
பெரிய சத்தம் இருக்காது.
காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி
ஒன்று, அவ்வளவுதான்.

என் வேலை சுலபம்.
மோட்டார் சைக்கிளில் போவேன்.
கம்பத்துக்குக் கம்பம் இறங்கிக்
கிடப்பதை எண்ணுவேன்.
எட்டு: ராஜாளி, பெண், வளர்ந்தது.
இருபத்தொன்று: அண்டங்காக்கை, இரண்டு.
இருபத்திரண்டு: ஓர் இறக்கை. மீதி நரிக்கு.
முப்பத்தேழு: காலில் வளையம்.
எச்சில் தொட்டுத் துடைத்து எண்ணைப் படித்தேன்.
போன ஜூனில் பீப்பாய்க் கூட்டில்
என் விரலைக் கடித்தவன்.

ராஜாளி கூடு கட்டாது.
காக்கை கட்டியதில் குடியேறும், வாடகை தராது.
காக்கைக்கும் இங்கே மரம் ஏது?
ஆகவே சோத்னோமும் நானும்
தார்ப் பீப்பாய்களை அறுத்து
முளைகளின் மேல் ஏற்றி வைத்தோம்,
கம்பி போகாத திசை பார்த்து.
இறக்கை முளைத்த குஞ்சு
திசை பார்க்கவில்லை.

பிறகு பணம் வந்தது.
கடலுக்கு அப்பால் ஓர் அறக்கட்டளை.
மூன்று வருஷம், கம்பம் ஒன்றுக்கு இவ்வளவு,
ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ரப்பர் தொப்பி.
சோத்னோம் ஏறுகிற நாளெல்லாம்
ஊருக்கு மின்சாரம் நிற்கும்.
கடைக்கார ஹந்த்சுரேன் வாசலுக்கு வந்து கத்தினாள்:
"ஐஸ்கிரீம் உருகுதே,
உன் பறவையா காசு தரும்?"
திட்டத்தில் ஐஸ்கிரீமுக்குத் தலைப்பு இல்லை.
நானே எட்டு வாங்கித் தின்றேன்.
பல் கூசியது.

இந்த வசந்தத்தில்
கணக்குப் பார்க்க வந்தாள் ஃபெம்கே.
ரோட்டர்டாமிலிருந்து; குதிகால் இல்லாத, நல்ல செருப்பு.
அவள் படிவத்தில் ஒரு கட்டம்:
காப்பாற்றப்பட்ட பறவைகள், எண்ணிக்கை, சான்றுடன்.

செத்ததற்கு எலும்பு உண்டு.
தேதியிட்ட படம் உண்டு.
சாகாமல் போனது
எங்கே போனதென்று யார் கண்டது?
அவளை முப்பத்தேழாம் கம்பத்துக்குக் கூட்டிப் போனேன்.
"பாருங்கள்" என்றேன்.
பார்த்தாள். புல்.
ஆட்டுப் புழுக்கை கொஞ்சம்.
மண்டியிட்டு இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தாள்.
அடியிலும் புல்லின் வேர்தான்.
அதைப் படம் எடுத்துக்கொண்டு
"இதை எதில் சேர்ப்பது?" என்றாள்,
என்னிடம் இல்லை, தனக்குள்.

நானூற்றுப் பன்னிரண்டில் பணம் தீர்ந்தது.
கம்பங்கள் நானூற்று முப்பத்தொன்று.
விலைவாசி என்று எழுதினோம். உண்மைதான்.
மிச்சம் பத்தொன்பதுக்கும்
பழைய டயர் ட்யூப்பைச் சுற்றலாம் என்கிறான் சோத்னோம்.
நாற்பது பாகைக் குளிரில் அது பிஸ்கட் மாதிரி உடையும்.
அவனுக்கும் தெரியும்.

அதைக் காட்டத்தான் கடைசிக் கம்பங்களுக்குப் போனோம்.
நானூற்றுப் பதின்மூன்றின் உச்சியில்
ஒரு ராஜாளி,
நெஞ்சு இறகைக் கோதிக்கொண்டு.
ஓர் இறக்கையை விரித்தால் முடிந்தது.

கைதட்டினேன். ஹாரன் அடித்தேன்.
ஃபெம்கே தன் மொழியில் ஏதோ கூவினாள்,
மாடு விரட்டுகிற குரல்,
எந்தப் பண்ணையில் கற்றாளோ.
சோத்னோம் மண்கட்டி எறிந்தான், எட்டவில்லை.

எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல்
அது எழுந்தது,
ஒரு சுற்றுச் சுற்றியது,
நானூற்றுப் பன்னிரண்டில் உட்கார்ந்தது.

ஃபெம்கே நோட்டைத் திறந்து
மணி என்ன என்று கேட்டாள்.
சோத்னோம் பதில் சொல்லவில்லை.
அவன் கையில் இன்னொரு கட்டி
அப்படியே இருந்தது.