புகை நாள், பரானா நதி

வெள்ளிக்கிழமைதோறும் மகளை ஒப்படைக்கப் போகிறேன்.
விக்டோரியாவிலிருந்து ரொசாரியோ வரை
அறுபது கிலோமீட்டர் தீவும் சதுப்பும்.
கடைசியில்தான் அந்தப் பெரிய பாலம்.
அதற்குள் தூங்கிப்போவாள் ரெனாத்தா,
வாயோரம் பிஸ்கட் துகளோடு.

இன்று விழித்திருந்தாள்.
தீவுகளில் யாரோ காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துவிட்டார்கள்.
நதியைக் காணோம். கம்பிகளைக் காணோம்.
சாலை பத்தடி போய்
பாலாடை மாதிரி ஒன்றுக்குள் நின்றுவிட்டது.

போலீஸ்காரர் ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கிவிட்டு
"காற்று திரும்பணும்" என்றார்,
காற்று அவருக்குக் கீழே வேலை பார்ப்பதுபோல.
முன்னால் மாட்டு லாரி.
சட்ட இடுக்கில் மூக்கை நீட்டிய ஒன்றுக்கு
சூயிங்கத்தை ஊதிக் காட்டினாள் மகள்.

கிரிசெல்தா போனில்:
"எங்கே?"
"பாலத்துக்கு இந்தப் பக்கம்."
"நான் அந்தப் பக்கம்."
நாலு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொள்கிறோம்,
வக்கீல் வைத்து, முத்திரைத்தாளில்.
இன்றுதான் அது வெறும் முகவரி.

"ஒரு பக்கத்துக் கம்பி அறுந்தா?"
நான் டிராக்டர் மெக்கானிக். பாலம் எனக்குத் தெரியாது.
ஆனால் ஏழு வயசுக்குத் 'தெரியாது' போதாது.
"தூண் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும்."
"ரெண்டு பக்கமும் சேர்ந்தே அறுந்தா?"

கட்டும் காலத்தில் படகில் போய்ப் பார்த்திருக்கிறோம்
நானும் கிரிசெல்தாவும், கல்யாணத்துக்கு முன்.
கம்பி இல்லை, சாலை இல்லை.
ஆகாயத்தாமரைக் கூட்டம் அடிவாரத்தில் மோதி
இரண்டாகப் பிரிந்து போனது.
தூண் பாட்டுக்கு நின்றது.

"நிக்கும்," என்றேன். "ரோடுதான் விழும்."
யோசித்தாள். பிறகு சூயிங்கத்தை
டாஷ்போர்டில் ஒட்டினாள்.

ஐந்து மணிக்குக் காற்று கீழ்ப்படிந்தது.
முதலில் வானத்தில் தூணின் தலை மட்டும்,
பிறகு கம்பி, இன்னொரு கம்பி,
கடைசியாகத்தான் நாங்கள் போகவேண்டிய இடம்.

நடுப்பாலத்தில் எதிர் வரிசையில் பச்சை ரெனோ.
பொறுக்கமாட்டாமல் அவளும் கிளம்பிவிட்டாள்.
அங்கே நிறுத்தக் கூடாது. தடுப்புச் சுவர் வேறு.
ஹெட்லைட்டை இருமுறை அணைத்து ஏற்றினாள்;
நானும்.
பின்சீட்டில் ரெனாத்தா தூங்கியிருந்தாள்.

இறங்கி ஓரங்கட்டும்போது போன்.
"எங்கே?"
"உன் பக்கம்."
"நான் உன் பக்கம்" என்றாள்.
சிரித்தாளா, இருமினாளா, தெரியவில்லை.
அன்று ஊரெல்லாம் இருமல்.