சுழியத்தில் தொடங்கும் எண்

செம்பனை ஆலையின் எடைமேடை அறையில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
டிக்கட்டு எழுதுகிறவள் நான்.
லோரி ஏறும், பச்சை எண்கள் நடுங்கி நிற்கும்.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் ஏறும்.
பெரியதிலிருந்து சிறியது போனால் மிச்சம் சரக்கு.
பதினோரு வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்,
ஒரு கிலோ பிசகியதில்லை.

லோரிக்கும் லோரிக்கும் நடுவே
கோலக்கெட்டில் முழுக்கத் தூங்கும் நேரத்தில்
மடிக்கணினியைத் திறப்பேன்.
சுங்கைப்பட்டாணியில் முந்நூற்றைம்பது வெள்ளி.
அரைப்புள்ளி விசை பாதி செத்தது,
நகத்தால் குத்தினால்தான் விழும்.
இந்தத் தொழிலில் வரிக்கு ஓர் அரைப்புள்ளி வேண்டுமென்று
வாங்கும்போது எனக்குத் தெரியாது.

வீடியோ வாத்தியார் நல்லவர்.
ரொம்ப ஈசி என்று சொல்லித்தான் எதையும் தொடங்குவார்.
அவர் திரையில் பொத்தான் நீலமாக வந்துவிடும்.
என் திரையில் வெள்ளை.
வெறும் வெள்ளை.
மழை பிடித்தால் அவரும் வாய் பாதி திறந்தபடி நின்றுவிடுவார்,
தலைக்குப் பின்னால் ஒரு வட்டம் சுற்றும்
சாமி படத்தில் போல.

மூன்று வாரமாக ஒரே பக்கம்.
எந்த லோரி எத்தனை நடை, மொத்தம் எவ்வளவு,
டிரைவர்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று.
கழித்தல் சரியாக வந்தது.
கூட்டல்தான்.
சிவப்பு எழுத்தில் திட்டினாலாவது தேவலை,
எங்கே அடி என்று தெரியும்.
இதுவோ ஒன்றும் நடக்காத முகத்தோடு
தப்பான விடையை நீட்டியது.

அடைப்புக்குறிகளை எண்ணினேன்.
சேமித்தேன், மறுபடி சேமித்தேன்.
ஒருநாள் நாலு மணி நேரம் திருத்திய பிறகு தெரிந்தது,
திறந்து வைத்திருந்தது வேறு கோப்பு.
அன்றைக்குப் பசியாறக்கூட நிற்காமல்
மோட்டோவை நேரே வீட்டுக்கு விட்டேன்.
படிப்பு எப்படி என்று கேட்டாள் தம்பி மனைவி மாலினி.
ஓடுது என்றேன்.

நேற்று ஒன்றரை மணிக்கு, மூன்றாம் நடை இறக்கிவிட்டு
டிக்கட்டு வாங்க வந்தான் கெலிண்டான் வாஹ்யூ,
லொம்போக்காரன், கிராம்பு சிகரெட் வாசம்.
கண்ணாடியில் மூக்கை ஒட்டித் திரையைப் பார்த்தான்.
8240
8620
7950
மொத்தம் 0824086207950

"காக், இது யாரோட நம்பர்?
எங்க ஊர் போன் நம்பர் மாதிரி இருக்கே.
அடிச்சுப் பார்க்கட்டுமா?"

சிரித்து முடித்துவிட்டுத்தான் உறைத்தது.
போன் நம்பரை யார் கூட்டுவார்கள்?
வாசிப்பார்கள், பெயரை வாசிப்பது போல.
நான் கூட்டச் சொன்னேன்,
அது ஒட்டி வைத்திருக்கிறது
கேட்டுக்கு வெளியே லோரிகள் நிற்பதுபோல்
ஒன்றன் பின்னால் ஒன்றாக.
முதலில் நான் வைத்துத் தொடங்கிய சுழியம்,
அதையும் விடாமல்.

பெட்டியில் தட்டுவதெல்லாம் அதற்கு எழுத்துதானாம்.
கழிக்கச் சொன்னால் மட்டும் எண் என்று எடுத்துக்கொள்ளுமாம்.
கழித்தே காலம் போக்கியவளிடம்
இந்த விளையாட்டு.
எண்ணாக்கு என்று ஒரே ஒரு சொல்,
இரண்டு அடைப்புக்குறி,
அரைப்புள்ளியை நகத்தால் குத்தினேன்.

24810.

கத்தவில்லை. பாய்லர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?
வாஹ்யூ டிக்கட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே
"அந்த நம்பர் போயிடுச்சா" என்றான்,
யாரோ எடுத்திருப்பார்கள் என்பதுபோல்.

அவன் போனதும்
நாலாம் நடைக்கு ஒரு காலிக் கட்டம் சேர்த்தேன்.
மொத்தம் இருந்த இடத்தில்
எண் அல்ல என்று வந்து உட்கார்ந்தது.

வெளியே ஹாரன்.
லோரி மேடை ஏறியது.
பச்சை எண்கள் நடுங்கின,
நிற்கட்டும் என்று பேனாவை எடுத்துவைத்துக்கொண்டேன்.