எட்டாம் நம்பர் ஊசி

ஏழு ஐம்பதுக்கு வேன் கிளம்பிவிட்டது.
புதுப் பைகளின் ரெக்சின் வாசம் மட்டும்
படியில் சற்று நின்று, அதுவும் போனது.

பீரோ மேலிருந்து கட்டைப்பையை இறக்குகிறேன்.
காங்கயத்து மண்டபத்தில் கொடுத்த தேங்காய்
இன்னும் அதற்குள்ளேயே கிடக்கிறது, குடுமியோடு.
அதற்கடியில் நாரத்தை நிறக் கம்பளி நூல்,
பாதி முதுகு,
அதைத் தாங்கிக்கொண்டு ஒற்றை ஊசி.

இன்னொன்று?

குக்கரில் சுட்ட கேக் வெந்ததா என்று
அதை விட்டுக் குத்திப் பார்த்தவள் நங்கையின் மூத்தவள்.
சாக்கடைச் சந்தில் விழுந்த பந்தைத்
தள்ளி எடுத்தவன் என் மகன் சஷ்வந்த்.
அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது.
ஏழு பிள்ளைகள் ஒட்டுக்கா இருந்த வீட்டில்
ஒரு கம்பி யார் கையில்தான் இல்லை.

ஒறம்பரை வந்தது, போனது, மறந்துவிட்ட செருப்புக்கு மறுபடி வந்தது.
சந்தகைப் படி காய்வதற்குள் அடுத்த ஈடு.
குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை,
அதுவும் ரவைக்கு இரண்டு மணிக்கு.
பாதித் தூக்கத்தில் குடம் நிரப்பியவள்
ஒரு நாள் மாவுக் குண்டாவையும் குழாயில் பிடித்துவிட்டேன்.

சின்னவனுக்கு அம்மை போட்டது.
ஒன்பது நாள் தாளிப்பில்லாத சமையல்,
நிலைப்படியில் வேப்பிலை.
சொறியாதே, சொறியாதே என்று
முறை போட்டுக் காவலிருந்தன மற்ற ஆறும்.
தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே
தம்பி கல்யாணம். நான்தான் இணைச்சீர்க்காரி.
கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
மேடையில் நின்றபோதுதான்
அந்தக் கோடையில் முதல்முறையாகச்
சும்மா நின்றேன்.

இவர் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து
கட்டிலுக்கடியில் நான் டார்ச் அடிப்பதைப் பார்க்கிறார்.
பனியன் கம்பெனியில் நிட்டிங் ஃபிட்டர்.
"எங்க மெஷின் ஒண்ணுல ரெண்டாயிரத்துச் சொச்சம் ஊசி.
ஒத்தை ஊசிக்கு இத்தனை வெசனமா அம்மிணி?"
சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறார்.
அவர் மெஷின் ஒரு பகலில் தள்ளும் துணியை
நான் பின்னி முடிக்க ஏழு பிறவி வேண்டும்.
திருப்பூர் வெயிலுக்குக் கம்பளியா,
யாருக்கு, என்று கேட்காத ஆளில்லை.
எனக்குத்தான் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மொட்டை மாடியில் கிடைத்தது.
உடைந்த பெயின்ட் டப்பாவில், செந்தூரா மாங்கொட்டை முளைத்து
நாலு செம்பிலை விட்டிருக்கிறது.
பக்கத்தில் ஊன்றிய என் ஊசியின் உச்சியில் சார்ட் பேப்பர்க் கொடி:
"தொடாதே. இது ஏழு பேரின் மரம்."
ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் கொடிமரமாக்கிவிட்டு
ஊசியைக் கழுவிக்கொண்டு இறங்குகிறேன்.

எத்தனை வரிசை பின்னினேன் என்று
தினசரிக் காலண்டர்த் தாளில் குறித்திருந்தேன்.
ஏப்ரல் முழுவதும் கப்பலாகப் போயிருக்கிறது.
பரவாயில்லை. விரலால் தடவி எண்ணலாம்.
எண்ணும்போதுதான் தெரிகிறது,
பதினோரு வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருக்கிறது.
எந்தப் பிள்ளை இழுத்ததோ.

பிரிக்கிறேன்.
நூல் நெளிநெளியாக மடியில் விழுகிறது,
சடை அவிழ்த்த தலைமுடி போல.

எதிர்க் கம்பெனிக் காவலாளியின் மனைவி பிமலா
கற்றுக்கொடுத்தது இது.
அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு நேபாளி வராது.
அதனால் கண்ணி எண்ணும்போது மட்டும்
இன்றைக்கும் என் வாயில்
ஏக், துயி, தீன், சார்.
மளிகைக் கணக்கு தமிழில்தான்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
தெருவின் தையல் மெஷின்கள் ஒரே மூச்சில் நின்றன.
பக்கத்து வீட்டுக் குக்கர், ஒரு மைனா,
இரண்டு ஊசிகள் உரசும் சத்தம்.
இது எனக்கே கேட்டு எத்தனை நாளாயிற்று.

சிலிண்டர்க்காரர் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்.
அரிசியும் பருப்பும் அடிபிடித்துவிட்டது.

மூன்று நாற்பதுக்கு வேன் ஹாரன்.
பிரித்ததில் ஒன்பது மீண்டிருக்கிறது, இரண்டு பாக்கி.
காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி
சுவரில் பென்சிலால் எழுதுகிறேன்: 52.
மறுபடி மாட்டினால் தெரியவில்லை.
சுவரை யாரும் கிழிக்க மாட்டார்கள்.