கடைசி வண்டி கொண்டுபோகும் கோல்

ஹொரமாவு மெயின் ரோட்டில் பாதி
ஈரச் சாக்குக்கு அடியில் படுத்திருக்கிறது.
இன்னும் பதினொரு நாள் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.
மீதிப் பாதியில்தான் ஊர் போகிறது, வருகிறது,
ஒரு சமயம் ஒரு பக்கம்.

இந்த முனையில் நான், அந்த முனையில் நிங்கம்மா.
நடுவில் நானூறு மீட்டரும் ஒரு வளைவும்.
வாக்கிடாக்கி முதல் மழையிலேயே செத்தது.
புதுசு வரும் என்று இன்ஜினியர் பிரஜ்வல் சொல்லி
மூன்று சனிக்கிழமை சம்பளம் வாங்கியாகிவிட்டது.

அதனால் கோல்.
பச்சை பெயின்ட் அடித்த ஒரு முழ மூங்கில்.
கடைசியாக விடுகிற வண்டியிடம் கொடுப்பேன்:
அந்தப் பக்கம் கொடியோடு ஒரு அம்மா நிற்கும்,
அது கையில் கொடுத்துடுங்க.
கோல் சேர்ந்தால் பாதை காலி.
அப்புறம் அவள் விடுவாள், நான் மறிப்பேன்.
நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆட்சி மாறும்.

எத்தனை கை.
தண்ணீர் டேங்கர்க்காரர் காதில் செருகுவதுபோல நடித்தார்.
ஒரு ஸ்கூட்டர் பெண் பல்லில் கவ்விக்கொண்டு போனாள்.
ஒரு தரம் கடைசியாக வந்தது சவ வண்டி.
கொடுக்கத் தயங்கினேன்.
டிரைவரே ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை கோலில் கனகாம்பரம் சுற்றி வரும்.
ஒருநாள் ரப்பர் பேண்டில் மாத்திரை அட்டை.
என் இருமல் வளைவு தாண்டிக் கேட்டிருக்காது;
எவனோ டிரைவர் சொல்லியிருக்கிறான்.
இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு
மிச்சத்தைத் திருப்பி அனுப்பினேன்.
அவள் முகம் எனக்குத் தெரியாது.
அவள் வருவது யாத்கீர் ஆட்களின் வேனில்,
நான் கோலார் தங்கவயல் ரயிலில்.

அந்த வியாழக்கிழமை, ஏழு மணி, மழை.
கறுப்பு பைக்கில் ஒரு பையன், முதுகில் சாப்பாட்டுப் பெட்டி.
அவனிடம் கொடுத்தேன்.
ஐந்து நிமிஷம். ஒன்பது.
எதிரே ஒரு வெளிச்சமும் வரவில்லை.
இங்கே ஹாரன், அங்கேயும் ஹாரன்,
நடுவில் காலியாக ஒரு ரோடு.
இருபது வருஷத்தில் இந்த ஊரில்
ஏழு மணிக்குக் காலி ரோடு நான் பார்த்ததில்லை.
ஒரு நாய் அதன் நட்டநடுவே நடந்து போனது,
அவசரமே இல்லாமல்.

காலியாத்தானே இருக்கு, விடுங்கண்ணா.
வளைவுக்கு அப்பால் யார் கண்டது?
கொடியைக் கூம்புக்குள் குத்திவிட்டு
நடந்தேன்.

வளைவில் எதிரே ஒரு மஞ்சள் ஹெல்மெட்.
என் மூத்தவளைவிட ஒரு வயசு கூட இருந்தால் அதிகம்.
இவளையா இத்தனை நாள் அம்மா என்று சொல்லி அனுப்பினேன்?
கோலு எல்லி, என்றாள்.
கோல் எங்கே, என்றேன்.
ஒரே ஒரு உகரம்தான் குறைந்தது.
மழையில் நின்று சிரித்தோம்,
இரண்டு பக்கமும் பெங்களூரு திட்டிக்கொண்டிருக்க.

பிறகு அவள் குனிந்து
குவியலிலிருந்து ஒரு கம்பியை எடுத்தாள்.
ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவே போடுகிற
அரை மீட்டர் டவல் கம்பி.
மூன்று கிலோ கனம்.
இதை மறந்து எவனும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான்
என்று கன்னடத்தில் சொன்னாள்.

கொண்டுபோகவில்லை.
திட்டினார்கள், மடியில் வைத்தார்கள்,
ஒருவர் சீட் பெல்ட் போட்டுவிட்டார் அதற்கு.

இரண்டு பக்கமும் திறந்த வாரம்
என்னை வர்த்தூருக்கு மாற்றினார்கள்.
அவளை எங்கே என்று தெரியவில்லை.
பஸ்ஸுக்குப் போகும்போது நாலாவது கிராஸில் பார்த்தேன்:
மூன்று ஸ்டம்பில் நடு ஸ்டம்ப்,
பெயின்ட் பாதி உரிந்த பச்சை.
கேட்கலாமா என்று நின்றேன்.
பந்து வந்தது.
பையன் அவுட் இல்லை என்று சாதித்தான்.
கோல் சாய்ந்து கிடந்தது.