மூன்று நிமிடம்

கிரிம்ஸ்பி மீன் ஆலையில் ஐந்து நாள்
என் பக்கத்தில் நின்றார் எம்.பி. ரோசலிண்ட் தாக்ரே.
தொழிலை நேரில் அறியும் திட்டமாம்.
பூட்ஸ் இரண்டு அளவு பெரிது;
சளக் சளக்கென்று வந்தார்.

முதல் நாளே மூன்று நிமிடம் தாமதம்.
கால் மணிக் கூலியை வெட்டியது இயந்திரம்.
வேடிக்கை என்று சிரித்தார்.
நாங்கள் சிரிக்கவில்லை.
டைவா மட்டும் லிதுவேனிய மொழியில் ஏதோ சொன்னாள்,
நல்ல வார்த்தை இல்லை.

ஹாடாக்கில் முள் எங்கே என்று
விரல்தான் சொல்ல வேண்டும்.
விறைத்த விரல் எதைச் சொல்லும்?
புதன்கிழமை கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டார்.
நீலப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன்.
“ஏன் நீலம்?”
“வெள்ளைச் சதையில் விழுந்தால் தெரியணுமே.”
அதைக் குறித்துக்கொண்டார்.
வெள்ளிக்கிழமை கேக், போட்டோ, கார்.

மார்ச்சில் கேண்டீன் டிவியில் அவர் முகம்.
கூலி வெட்டு மசோதா.
பச்சை இருக்கையில் வெகுநேரம்
கட்டைவிரலைத் தடவிக்கொண்டே இருந்தார்.
பிறகு எழுந்தார்.
தொண்டையைச் செருமினார்.

எங்களுக்கு மணி அடித்தது.
பாதி டீயைக் கொட்டிவிட்டு ஓடினோம்.
என்ன பேசினார் என்று கேட்க
மூன்று நிமிடம்
எங்களில் யாரிடமும் இல்லை.