கச்சான்

மொறிஸ் மைனரின் வயிற்றில்
டொயோட்டா எஞ்சினை இறக்கிய பிறகு
பழைய விசிறிக்கு இடமில்லை.
ரேடியேற்றருக்கும் கப்பிக்கும் நடுவே
நாலு விரல்.

ஓட்டமாவடியில் பழைய சாமான் கடை.
ஏழு விசிறி பார்த்தோம்.
பெரியதை எடுப்போம் என்றேன்.
நிஃமத் இறகின் வளைவைத் தடவினான்:
"இது தள்ளுறது, முன்னால பூட்டோணும்.
நமக்கு இழுக்கிறது வேணும்."
மெலிந்த ஒன்று, பன்னிரண்டு அங்குலம், கூடோடு
எட்டாயிரத்து ஐந்நூறு.

நைலோன் நாடாவால் கட்டினால் போதாதா?
தகட்டை அரித்துத் தின்றுவிடும் என்று
கோண இரும்பு வெட்டினான்,
ரப்பர் வைத்து முறுக்கினான்.
முப்பது அம்பியர் பியூஸ், ஒரு றிலே,
தொண்ணூற்றிரண்டில் கண் விழிக்கும் ஆளி.

நின்றால் குளிர்ந்தது கார்.
ஓடினால் கொதித்தது.
கிரான் தாண்டி, ஆடி வெயிலில்
கச்சான் காற்று முகத்தில் அடிக்க அடிக்க
முள் ஏறிக்கொண்டே போனது.

ஓரங்கட்டினோம்.
கச்சான் கடலை சுற்றி வந்த தாளை உருவி
(யாரோ பிள்ளையின் கணக்குக் கொப்பி, மூன்று பிழை)
ரேடியேற்றரின் முகத்தில் பிடித்தான்.
ஒட்டவேண்டிய தாள்
எகிறி வயலுக்குள் போனது.

"சிவப்பும் கறுப்பும் மாறிக் கிடக்கு."
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
கம்பி பூட்டியது நான்.

இத்தனை மைலும்
வருகிற காற்றோடு நெஞ்சு முட்டி
தனியே சண்டை பிடித்திருக்கிறது
அந்தச் சின்ன மோட்டார்.

ஏறாவூரில் முள் எண்பத்தெட்டு.
மிச்சக் கச்சானை
மடியில் கொட்டித் தின்றோம்.